நாலு பேர், நாலு குரல்: பார்பர்ஷாப் பாட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெரம்பூரில் நாங்கள் நாலு பேர் பார்பர்ஷாப் பாடுகிறோம். நான் பாரிடோன். கேரல் ரவுண்டிலோ கல்யாண வரவேற்பிலோ எங்களைக் கேட்டுவிட்டு, "நாங்களும் பாடலாமா" என்று வருகிறவர்கள் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

பார்பர்ஷாப்னா இன்னா பிரதர்? சர்ச் கொயர் மாதிரியா?

கொயருக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் வேறு வீடு. நாலு பேர், நாலு பார்ட் (டெனார், லீட், பாரிடோன், அடிக்குரலான பேஸ்), ஒரு பார்ட்டுக்கு ஒரே குரல். கிட்டார், கீபோர்டு, கஹோன் எதுவும் கிடையாது. நாலு பேரும் பெரும்பாலும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்வார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கார்டு, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, மாறிக்கொண்டே போகும்.

பெரிய வித்தியாசம் மெட்டு இருக்கும் இடம். கொயரில் மெட்டு மேல் குரலான சொப்ரானோவிடம் இருக்கும். இங்கே மேலிருந்து இரண்டாவது குரலான லீட்தான் மெட்டைப் பாடுவார். டெனார் அவருக்கு மேலே மெல்லிசாக ஒட்டிக்கொண்டு போவார். கொயரில் நாலு பேஸ் நிற்பார்கள், ஒருவர் இருமினாலும் தெரியாது. இங்கே நீங்கள் வாயை மூடினால் கார்டில் ஓட்டை விழும்.

முடி வெட்டுற கடைக்கும் பாட்டுக்கும் இன்னா சம்பந்தம்?

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், தென் மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே வளர்ந்த பாட்டு இது. சலூன் கடைதான் அவர்கள் கூடிப் பேசும் இடம். முறை வரும்வரை காத்திருக்கும்போது ஒருவர் தெரிந்த பாட்டை எடுப்பார், மற்றவர்கள் காதால் கேட்டே குரல் சேர்ப்பார்கள். தெருமுனையிலும் பாடினார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டில் பேர் வாங்குவதற்கு முன்னால், சிறுவனாக நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் இப்படி நாலு பேர் குழுவில் பாடியவர். (நம் பக்கத்திலும் பல ஊர்களில் நாகஸ்வரமும் தவிலும் வாசித்தவர்கள் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தார். அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசலாம்.)

1938 ஏப்ரல் 11 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் ஓ.சி. கேஷ் என்ற வரி வழக்கறிஞரும் ரூபர்ட் ஹால் என்பவரும் ஒரு கிளப்பின் மாடியில் பாட ஆள் கூட்டினார்கள். 26 பேர் வந்தார்கள். இன்றைய பார்பர்ஷாப் ஹார்மனி சொசைட்டி அங்கே தொடங்கியது. அழிந்துபோகிற கலையைக் காப்பாற்றுகிறோம் என்று ஆரம்பித்தவர்கள், அந்தக் கலையை உருவாக்கியவர்களையே உள்ளே விடவில்லை. 1941-இல் நியூயார்க் நகரப் போட்டியில் ஜெயித்த கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ் என்ற கறுப்பினக் குழுவைத் தேசியப் போட்டிக்கு வரக்கூடாது என்று தடுத்தார்கள். அந்தத் தடை 1963-இல்தான் நீங்கியது. கோடு போட்ட கோட்டும் வைக்கோல் தொப்பியுமாக வரும் படங்களைப் பார்த்துவிட்டு இதை வெள்ளைக்காரத் தாத்தாக்களின் பாட்டு என்று நினைப்பவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

அந்தக் கோட்டு, தொப்பியெல்லாம் போடணுமா?

வேண்டாம். மே மாதத்தில் வியாசர்பாடியில் கோட்டா? ஒரே நிறத்தில் சட்டை போதும்.

எனக்கு வாய்ஸ் சுமார்தான்ணா. வந்தா வச்சுப்பீங்களா?

வாருங்கள். தனியாகப் பாடிக் கைதட்டு வாங்கும் குரல் இதற்குத் தேவையில்லை. சில சமயம் அதுவே தொந்தரவு. தேவைப்படுவது இரண்டு. கொடுத்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் வேறு சுரம் பாடினாலும் அதிலேயே நிற்க வேண்டும். அப்புறம், பாடிக்கொண்டே மற்ற மூன்று பேரையும் கேட்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: போனில் தம்புரா ஆப்பைப் போட்டு ஷட்ஜத்தை ஓடவிடுங்கள். அதன் மேல் பஞ்சமத்தை ஒரே மூச்சில் அசையாமல் பிடியுங்கள். பிறகு அந்தர காந்தாரம். சுரம் ஷட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டு போகாமல் நின்றால் நீங்கள் தயார். வழுக்கினால் ஒரு மாதம் இதையே செய்துவிட்டு வாருங்கள்.

நான் எந்த பார்ட்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஆண் குரலுக்கு, ஒரு கட்டை சுருதியை வைத்துச் சொல்கிறேன். மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்தாயி) மத்யமம் வரை தொண்டை கரகரக்காமல் இறங்கினால் பேஸ். தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) மத்யமம், பஞ்சமம் வரை முழுக்குரலில் தெளிவாகப் போய், மெட்டைக் கதை சொல்வது போலப் பாட வந்தால் லீட். அதற்கும் மேலே, நாம் கள்ளக்குரல் என்று சொல்கிற அந்த மெல்லிய குரலில், கத்தாமல் பாட முடிந்தால் டெனார். கச்சேரியில் கள்ளக்குரல் என்றால் குறை. இங்கே டெனாருக்கு அதுதான் முதலீடு.

மீதி பாரிடோன். மற்ற மூன்று பேரும் எடுத்துக்கொண்டது போக எந்தச் சுரம் பாக்கியோ அது எங்களுக்கு. ஒரு வரியில் லீடுக்கு மேலே, அடுத்த வரியில் கீழே என்று தாவுவோம். எங்கள் பார்ட்டைத் தனியாகப் பாடினால் மெட்டு என்றே சொல்ல முடியாது, என் வீட்டில் யாருக்கும் நான் என்ன பாடுகிறேன் என்று புரிந்ததே இல்லை. ஆனால் நாங்கள் நிறுத்தினால் கார்டு படுத்துவிடும். காது நல்லவருக்குப் பாரிடோன் கொடுங்கள்.

சத்தமும் நாலு பேருக்கும் ஒரே அளவு இல்லை. பேஸ் அடித்தளமாகத் தாராளமாக, லீட் தெளிவாக, பாரிடோன் கொஞ்சம் அடக்கி, டெனார் எல்லோரையும்விட லேசாக. டெனார் தன் குரல் தனியாகக் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டால் சரியாகப் பாடுகிறார் என்று அர்த்தம்.

நொட்டேஷன் படிக்கத் தெரியாது. முடியுமா?

முடியும். ஆரம்பத்தில் யாருமே தாளைப் பார்த்துப் பாடவில்லை, காதால்தான். இப்போது லேர்னிங் டிராக் என்று ஒன்று உண்டு. உங்கள் பார்ட் ஒரு காதிலும் மற்ற மூன்றும் இன்னொரு காதிலும் வருகிற மாதிரி பதிவு செய்திருப்பார்கள். முதலில் உங்கள் பார்ட் வரும் காதை மட்டும் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு மற்ற மூவரோடு பாடுங்கள். பேருந்தில் போகும்போதே மனப்பாடம் ஆகிவிடும்.

கொயரில் டோ-ரே-மி சோல்ஃபா பழகியவர்களுக்கு இன்னும் சுலபம். தாளைப் பார்க்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மேல் வரிசையில் டெனாரும் லீடும், கீழ் வரிசையில் பாரிடோனும் பேஸும். ஆண்கள் பாடும்போது மேல் வரிசையில் எழுதியதை ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும்.

முதல்ல எந்தப் பாட்டு எடுக்கலாம்?

பாட்டே வேண்டாம். டேக் எடுங்கள். பாட்டின் முடிவில் வரும் கடைசி சில வரிகளுக்கு டேக் என்று பெயர். ஒருவர் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்ற மூவரும் அவரைச் சுற்றி நகர்ந்து கடைசிக் கார்டில் வந்து சேர்வார்கள். பல டேக்குகள் அரை நிமிடம்கூட இருக்காது. ஒரே மாலையில் கற்றுப் பாடிவிடலாம், அதே மாலையில் பார்ட்டை மாற்றியும் பார்க்கலாம். பார்பர்ஷாப் டேக்ஸ் டாட் காம் என்ற தளத்தில் தாளும் டிராக்கும் இலவசமாகக் கிடைக்கும்.

புதிய குழுக்கள் எடுத்தவுடன் மூன்று நிமிடப் பாட்டை எடுத்து, ஆறு வாரம் வார்த்தையோடு மல்லுக்கட்டி, கார்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைக் கேட்காமலே கலைந்துபோவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏழெட்டு டேக் கைவந்த பிறகு போல்கேட் பாட்டுகளுக்குப் போகலாம். உலகத்தில் எந்த ஊர் பார்பர்ஷாப் பாடகரைச் சந்தித்தாலும் சேர்ந்து பாட முடியவேண்டும் என்று அந்தச் சொசைட்டி பொதுவாக வைத்திருக்கும் 12 பாட்டுகளின் தொகுப்பு அது.

"ரிங் ஆகுது, ரிங் ஆகுது"ன்னு சொல்றீங்களே, அது இன்னாது?

இத்தனை பாடுபடுவதும் இதற்காகத்தான். நாலு பேரும் கார்டைச் சரியாகப் பூட்டும்போது, யாருமே பாடாத ஐந்தாவது ஒரு குரல் மேலே எங்கேயோ கேட்கும். பேய் பிசாசு இல்லை, கணக்கு.

நாம் ஒரு சுரம் பாடினால் அதோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு அதிர்வுகளும் மெல்லிசாகச் சேர்ந்தே வரும். தம்புராவை மந்திர ஷட்ஜத்தில் மீட்டினால் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்கிறதே, சுயம்பு காந்தாரம், அது ஐந்தாவது மடங்கு. பார்பர்ஷாப்பின் உயிரான கார்டு ஹரிகாம்போதியின் ச-க-ப-நி: ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். இந்த நாலும் 4:5:6:7 என்ற விகிதத்தில் நின்றால் ரிங் ஆகும். ஷட்ஜம் 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு) என்றால் காந்தாரம் 250, பஞ்சமம் 300, நிஷாதம் 350. இப்போது பாருங்கள், 200-இன் ஐந்தாவது மடங்கும் 250-இன் நாலாவது மடங்கும் 1000. 200-இன் ஏழாவது மடங்கும் 350-இன் நாலாவது மடங்கும் 1400. இருவருடைய குரலும் அங்கே ஒரே இடத்தில் விழுந்து ஒன்றையொன்று பலப்படுத்துகின்றன. அதுதான் அந்த ஐந்தாவது ஆள்.

ஆனால் சுரம் மட்டும் சேர்ந்தால் போதாது, உயிரெழுத்தும் சேர வேண்டும். ஒருவர் 'ஆ' என்றும் இன்னொருவர் பாதி 'ஓ' என்றும் வாயை வைத்தால் மேல்மடங்குகளின் பலம் மாறிப்போய் ரிங் வராது. நமக்கு இதில் ஒரு சௌகரியம். அமெரிக்கர்கள் 'ஓ'வை இழுத்தால் கடைசியில் 'உ'வில் போய் முடியும். நம் நெடில்கள் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும்.

கீபோர்டு வச்சு பிராக்டிஸ் பண்ணா சுருதி சுத்தமா வருமே?

வராது. முதல் சுரத்தை எடுக்க மட்டும் கீபோர்டு, பிறகு மூடி வையுங்கள். மேலே சொன்ன அதே கணக்கில் கீபோர்டின் காந்தாரம் 250 இல்லை, சுமார் 252. நிஷாதம் 350 இல்லை, 356-க்கும் மேல். 252-இன் நாலாவது மடங்கு 1008, அது 1000-த்தோடு மோதி நொடிக்கு எட்டு முறை அதிரும். எல்லா ராகத்துக்கும் எல்லா சுருதிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கீபோர்டில் சுரங்களைச் சமமாகப் பங்கிட்டதன் விலை அது. நிஷாதம் பாடுகிறவர் கீபோர்டைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அரைச்சுரம் கீழே பாட வேண்டும். கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

குழுக்கள் பிட்ச் பைப் என்ற வட்டமான சின்ன ஊதியை வைத்துக்கொள்வார்கள். போன் ஆப்பும் போதும்.

நான் பத்து வருஷம் பாட்டு கிளாஸ் போனவ சார். கர்நாடக சங்கீதம் உதவுமா, இடைஞ்சலா?

இரண்டும், அம்மா. சுருதி ஞானம் பெரிய சொத்து. சுயம்பு காந்தாரத்தைக் கேட்ட காதுக்கு ரிங்கை விளக்க வேண்டியதில்லை. இடைஞ்சல் கமகம். சுரத்தை அசைத்தால் பூட்டு திறந்துகொள்ளும். கை தன்னால் தாளம் போடுவதையும் கொஞ்சம் அடக்க வேண்டும், ஏனென்றால் மெதுவான பாட்டுகளில் தாளம் சொல்லுக்குத் தகுந்தபடி நீண்டு சுருங்கும்.

கலப்படம் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு மணலியை ஞாபகப்படுத்துவேன். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே முதலியார் ஆதரவில் இருந்தபோதுதான் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள். அந்த மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியவைதான் நோட்டு ஸ்வரங்கள். வடசென்னைக்கு இது புதுசில்லை.

லேடீஸ் பாடலாமா? மிக்ஸ்டா பாடலாமா?

தாராளமாக. பெண்களுக்கென்றே ஸ்வீட் அடெலைன்ஸ் என்ற அமைப்பு 1945-இல் அதே டல்சாவில் தொடங்கியது. பார்பர்ஷாப் ஹார்மனி சொசைட்டி 2018-இல் பெண்களையும் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பெண்கள் குழுவிலும் பார்ட் பெயர்கள் அவையேதான், டெனார், லீட், பாரிடோன், பேஸ். சுருதி மட்டும் மேலே. கலப்புக் குழுவுக்கென்று எழுதிய தாளை எடுங்கள். ஆண்கள் தாளை அப்படியே எடுத்தால் யாராவது ஒருவர் தொண்டை மாட்டிக்கொள்ளும்.

மூணு பேர் இருக்கோம். நாலாவது ஆள் எங்க கிடைப்பாங்க?

எல்லோருக்கும் இதே பிரச்சினை. நான் முதலில் தேடுவது சர்ச் கொயர்களில். பெரம்பூர், ராயபுரம், வேப்பேரி பக்கம் பார்ட் பிரித்துப் பாடப் பழகியவர்கள் ஏராளம், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இரண்டாவது குரல் போடுவது சாப்பாட்டு மேசையிலேயே நடக்கும். பேஸ்தான் கிடைப்பதில்லை. பேசும்போதே அடிக்குரலாக இருக்கும் ஆளைக் கண்டால் விடாதீர்கள், பாடத் தெரியாது என்று சொன்னாலும்.

குரலைவிட ஷிஃப்ட்டைப் பாருங்கள். ஐ.சி.எஃப்., துறைமுகம், எண்ணூர் பக்கத்து ஆலைகள் என்று நாலு பேருக்கும் நாலு ஷிஃப்ட் இருந்தால் எவ்வளவு நல்ல குரலாக இருந்தும் பிரயோஜனமில்லை. வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாள், ஒன்றரை மணி நேரம் வர முடிகிறவரே நல்ல பாடகர்.

எங்க பிராக்டிஸ் பண்றது? பக்கத்து வீட்ல சண்டைக்கு வர்றாங்க.

அடுக்குமாடிப் படிக்கட்டு அருமையாக ஒலிக்கும், சண்டையும் அங்கேதான் அதிகம். சர்ச்சின் பக்கத்து ஹாலைக் கேட்டுப் பாருங்கள். மொட்டை மாடி வேண்டாம், குரல் திரும்பி வரச் சுவர் இல்லை, எல்லோரும் கத்த ஆரம்பிப்பார்கள். காசிமேடு கடற்கரையும் அப்படியே. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் என்றால் கண்டெய்னர் லாரியோடு போட்டி போட வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை. பழைய டியூப்லைட் சோக்கு, ரெகுலேட்டர் இவற்றின் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டைக்கு வெகு அருகில். அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் பாடினால் உங்களை அறியாமல் அதோடு போய் ஒட்டிக்கொள்வீர்கள்.

ஆரம்பிக்கும்போது நல்லாதான் இருக்கு. முடிக்கிறப்போ அரைச்சுரம் இறங்கிடுது. யார் தப்பு?

முதலில் லீடைச் சந்தேகப்படுங்கள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ஒவ்வொரு முறையும் துளித்துளியாக இறங்குவார், மற்ற மூவரும் ஒழுங்காக அவரைப் பின்தொடர்ந்து இறங்குவார்கள். அடுத்து, கீழே தாவும் இடங்களில் பேஸ் தேவைக்கு மேல் இறங்குவது. போனில் பதிவு செய்து, ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி பிட்ச் பைப்போடு ஒப்பிட்டால் எந்த வரியில் வழுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வைத்தியம், காரணம் கேட்காதீர்கள், பல சமயம் பலிக்கிறது: பாட்டை அரைச்சுரம் ஏற்றி எடுத்துப் பாருங்கள்.

ஒருத்தர் மட்டும் ஒத்துவரல. எப்படிச் சொல்றது? வயசுல பெரியவர் வேற.

வாயால் சொல்லாதீர்கள். இரண்டிரண்டு பேராகப் பாடுங்கள்: முதலில் பேஸும் லீடும், மற்ற இருவரும் கேட்க மட்டும். பிறகு லீடும் பாரிடோனும், அப்புறம் லீடும் டெனாரும். எல்லோரும் எல்லோருக்கும் முன்னால் பாடுவதால் யாரையும் தனியாகச் சுட்டின மாதிரி ஆகாது, எங்கே உரசுகிறது என்பது அவர் காதுக்கே கேட்டுவிடும். "அங்கிள், அந்த இடத்தை இன்னொரு தரம் பிடிச்சுப் பார்க்கலாமா" என்பதற்கு மேல் பேச வேண்டிவராது.

தமிழ்ப் பாட்டு பாட முடியாதா? கானா?

முடியும், ஆனால் எல்லாப் பாட்டும் ஒத்துக்கொள்ளாது. இந்தப் பாணிக்கு மெட்டின் அடியில் கார்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரே ராகத்தில் ஷட்ஜத்தைச் சுற்றியே போகும் மெட்டுக்கு நாலு குரல் போட்டால், மூன்று பேர் தம்புராவாகிவிடுவார்கள். மேற்கத்திய அமைப்பில் எழுதிய பாமாலைகளும், வால்ட்ஸ் நடையில் வந்த பழைய சினிமாப் பாட்டுகளும் நன்றாக உட்காரும். சொல்லிலும் கவனம் வேண்டும். நீளமாகப் பிடிக்கும் கார்டு குறிலில் வந்தால் சொல் கெடும். நெடில் வருகிற இடமாகப் பார்த்து அமைக்க வேண்டும்.

கானாவைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கானா ஒரு ஆளுடைய குரல், அவர் இழுக்கிற இழுப்பு, அவர் சொல்கிற கதை. அதன் பின்னால் மூன்று பேர் 'ஊ' என்று நின்றால் கேட்க அழகாக இருக்கலாம், ஆனால் அது பார்பர்ஷாப் இல்லை, கானாவும் இல்லை. நீங்கள் செய்து காட்டினால் மாற்றிக்கொள்கிறேன்.

வேற ஒருத்தர் அமைச்ச தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?

பாட்டுக்கு ஒரு உரிமை, நாலு குரல் அமைப்புக்குத் தனி உரிமை. பாட்டு நூறு வருஷம் பழையதாக இருந்தாலும் அமைப்பு போன வருஷத்தியதாக இருக்கலாம். இலவசம் என்று போட்டிருப்பதை எடுங்கள், மற்றதைத் தலைக்கு ஒரு பிரதி வாங்குங்கள். தமிழ்ப் பாட்டை நீங்களே அமைத்து மேடையேற்றுவதானால், இந்தியச் சட்டப்படி பாட்டை உருவாக்கியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மைக் வேணுமா?

சின்ன ஹாலில் வேண்டாம். வேண்டியே ஆகவேண்டிய இடத்தில் நாலு பேருக்கும் சேர்த்து நல்ல மைக் ஒன்றோ இரண்டோ போதும், அரைவட்டமாக நெருங்கி நில்லுங்கள். லீடும் பேஸும் நடுவில். ஆளுக்கொரு மைக் கொடுத்தால் யார் எவ்வளவு சத்தம் என்பதை சவுண்டு சர்வீஸ்காரர் முடிவு செய்வார். அவர் எக்கோவையும் ஏற்றிவிடுவார், முன்கூட்டியே கெஞ்சி வையுங்கள்.

போட்டியில மார்க் எப்படிப் போடுவாங்க?

சொசைட்டியின் போட்டிகளில் இசை, நிகழ்த்துதல், பாடும் திறன் என்று மூன்று பிரிவு. ஒவ்வொரு நடுவரும் ஒரு பாட்டுக்கு 100-க்கு மார்க் போடுவார். நீங்கள் போட்டிக்குப் போகாவிட்டாலும் உங்கள் பதிவைக் கேட்டு இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். புதிய குழுக்களுக்குப் பாடும் திறனைவிட நிகழ்த்துதலில்தான் அடி விழும். நாலு பேரும் கார்டு கணக்குப் போடுகிற முகத்தோடு நிற்பார்கள்.

எங்க பேஸ் துபாய் போயிட்டார் சார். வேற ஆள் போடலாமா, கலைச்சுடலாமா?

ஆள் போடுங்கள், ஆனால் பழைய பாட்டுகளை அப்படியே புதியவர் தலையில் கட்டாதீர்கள். உயிரெழுத்து, மூச்சு விடும் இடம் எல்லாம் போனவரை வைத்துப் பழகியவை; புதியவர் அவரைக் காப்பியடிக்கப் பார்த்து இரண்டும் கெட்டானாகப் பாடுவார். மறுபடி டேக்கிலிருந்து ஆரம்பியுங்கள், இந்த முறை ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பேஸ் கிடைக்கும்வரை மூன்று பேரும் பேஸ் டிராக்கைப் போட்டுக்கொண்டு வாரம் தவறாமல் கூடுங்கள். துபாய்க்காரர் லீவில் வரும்போது அவருக்கென்று இரண்டு டேக் ஒதுக்கி வையுங்கள், டிசம்பரில் எப்படியும் வருவார்.